வலது பக்கத்துக் காற்று

பிரேக் பெடல் முதல் தடவையாகத் தரை வரைக்கும் இறங்கியது ஒத்தக்கடையில், பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு திரும்பும் நேரத்தில். முன்னால் போன டவுன் பஸ் ஆள் ஏற்றுவதற்காக நின்றது. நான் வழக்கம்போல மிதித்தேன். கால் சேற்றுக்குள் போவதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. எடுத்து மறுபடி மிதித்து, மறுபடி மிதித்து, கை பிரேக்கையும் இழுத்த பிறகுதான் வண்டி நின்றது. பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்த நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் மூக்குத்தி என் முன் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது.

அந்த நிமிஷம் எனக்குப் பயம் வரவில்லை. ‘எவனோ என் வண்டியில் என்னமோ பண்ணியிருக்கிறான்’ என்றுதான் தோன்றியது. பயம் அதற்கப்புறம், ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திய பிறகுதான் வந்தது.

நான் அப்படிப்பட்டவள். சந்தேகப்படுவதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. இருபத்தேழு வருஷம் பரீட்சை ஹாலில் நின்று நின்று வந்த குணம் அது. பால்காரர் ஊற்றும் பாலை மோந்து பார்ப்பேன். பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டரில் பூஜ்யம் விழுந்த பிறகுதான் ‘போடுங்க’ என்பேன். வகுப்பில் எவன் பிட் வைத்திருக்கிறான் என்பது அவன் சாக்ஸ் போட்டிருக்கும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். பிடித்தால் கத்தமாட்டேன். அடிக்கமாட்டேன். அந்தத் துண்டுக் காகிதத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, “இந்த இடம்” என்பேன். அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட முரடனும் அந்த விரலைப் பார்த்தால் அழுதுவிடுவான்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஒருத்தரை ஒருத்தர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு ஆண்கள் மாப்ள போட்டுப் பேசினால் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு முழு உண்மை வந்து சேராது என்பது என் அனுபவம். அதனால் வண்டி விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் பழங்காநத்தத்தில், எங்கள் தெருவுக்குப் பின்சந்தில் இருக்கிறது. தகரக் கொட்டகை. அதோடு ஒட்டி அவர் வீடு. மெக்கானிக்குக்கு அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அது வேறு எனக்குப் பிடிக்கவில்லை. அதிகம் பேசுகிறவனிடம் ஏதாவது ஒரு இடத்தில் உண்மை வழுக்கி விழும். வாயை மூடிக்கொண்டு இருப்பவனிடம் எதைப் பிடிப்பது?

அவர் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். இடது பின்சக்கரத்துக்குள் பிரேக் ஆயில் கசிந்து, உள்பக்கம் எல்லாம் நனைந்திருந்தது.

“சக்கரத்துல பிரேக்க அமுக்குற வீல் சிலிண்டர் போயிருச்சு டீச்சர். ஆயில் கொறைஞ்ச எடத்துல காத்து பூந்துருச்சு. கிளட்ச்சும் கொழகொழன்னு இருக்குமே?”

இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

“ரெண்டுக்கும் ஒரே டப்பாவுல இருந்துதான் ஆயில் போகுது. ஒன்னு கொறைஞ்சா இன்னொன்னுக்குள்ளயும் காத்து போயிரும்” என்றார். நான் முகத்தை மாற்றாமல் நின்றதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சொன்னார். “ஆயில அமுக்குனா அமுங்காது, நீங்க மிதிக்கிறது அப்படியே சக்கரத்துக்குப் போயிரும். காத்த அமுக்குனா அமுங்கிரும். நீங்க மிதிச்சது அதுக்குள்ளயே செத்துப் போகும். அம்புட்டுத்தான் விசயம்.”

புது சாமான் எதையும் அவரை வாங்க விடவில்லை. நானே சிம்மக்கல்லில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போய், சீல் உடையாத ஆயில் பாட்டிலும் டப்பாவோடு வீல் சிலிண்டரும் வாங்கி வந்தேன். அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் சிலிண்டரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். விடைத்தாளில் இனிஷியல் போடுவது மாதிரி. அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாட்டி முடித்த பிறகு நான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது. பழைய சிலிண்டரை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஏர் எடுக்கிற வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். நிப்பிளில் ஒரு ட்யூபைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டிருப்பார்கள். காற்று குமிழ் குமிழாக அதன் வழியே வெளியேறும். நிப்பிளை மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். சக்கரத்தில் இருப்பவருக்குப் பெடல் தெரியாது. பெடலில் இருப்பவருக்குச் சக்கரம் தெரியாது. குரல் மட்டும்தான்.

மெக்கானிக் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஏ, வந்துட்டுப் போ” என்றார். அவருடைய மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, இன்னொரு கையில் செல்லோடு, சொந்த நாற்காலியில் உட்காருவதுபோல என் சீட்டில் ஏறப் போனார். முப்பது வருஷமாக அவர்தான் மிதிக்கிறாராம்.

“இருங்க. நான் மிதிக்கிறேன்” என்றேன்.

“எதுக்கு டீச்சர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அவளுக்குப் பழக்கம்” என்றார் அவர்.

அந்தப் ‘பழக்கம்’ என்ற வார்த்தைதான் என்னை உஷாராக்கியது. ஹாலில் பழக்கமான இரண்டு பேரை நான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார விடவே மாட்டேன். புருஷன் ஒரு முனையில், பெண்டாட்டி இன்னொரு முனையில், நடுவில் என் பிரேக். எனக்குத் தெரியாமல் இவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே. நான் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மெக்கானிக் விளக்கினார். “புடிங்கன்னு சொன்னா மிதிச்சுப் புடிக்கணும். நான் தெறந்ததும் பெடல் தன்னால எறங்கும். எறங்கட்டும், கூடவே போகணும். விடுங்கன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. ஒரு நூலு எடுத்தாலும் காத்த உள்ள இழுத்துரும்.”

“ஒரு தடவ சொன்னாப் போதும்ணே. நான் டீச்சர்” என்றேன்.

இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்தார். புடிங்க, விடுங்க, புடிங்க, விடுங்க. ஏழெட்டுத் தடவையில், “சுத்தமாயிருச்சு” என்றார். எனக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அது எனக்கு அரிப்பாக இருந்தது. அடுத்தது வலது பின்சக்கரம். அங்கேதான் எனக்கு வசதி. என் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. கொஞ்சம் எட்டினால் அவர் கையும் ட்யூபும் பாட்டிலும் நன்றாகத் தெரியும். நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வலது பக்கம் குமிழ் நிற்கவே இல்லை. இருபது தடவை மிதித்தேன். வந்துகொண்டே இருந்தது.

“புடிச்சிருக்கீங்கள்ல டீச்சர்?”

“புடிச்சிருக்கேன்.”

இடது முன்சக்கரம் ஆறு தடவையில் முடிந்தது. வலது முன்சக்கரத்தில் எட்டிப் பார்த்தேன், மறுபடியும் குமிழ். கடைசியாகக் கிளட்ச். அதற்கு அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு எஞ்சினுக்குள் கையை விட்டார். பானெட் எனக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றதால் எதுவும் தெரியவில்லை. பத்தே மிதியில் கிளட்ச் கிண்ணென்று ஆகிவிட்டது.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது இதை வீட்டுக்காரரிடம் வரிசையாகச் சொன்னேன். நான் பார்க்க முடியாத இடத்தில் எல்லாம் காற்று சட்டென்று போய்விடுகிறது. நான் பார்க்கிற பக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அப்படியென்றால் வேலை தெரிந்தவர்தான். எனக்குக் காட்டுவதற்காகவே வலது பக்கத்தில் ஏதோ நடிக்கிறார்.

“அவன் எதுக்குடி நடிக்கப் போறான்?” என்றார் அவர்.

“வலது பக்கத்துச் சாமானையும் மாத்தச் சொல்லுவாரு, பாருங்க.”

சொன்ன மாதிரியே ஆனது. பிரேக் முன்னைவிடப் பரவாயில்லை என்றாலும் பஞ்சை மிதிப்பது போலவே இருந்தது. நான் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனேன். நான்காம் நாள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வலது பக்கத்தில் எங்கேயோ காற்றை இழுக்கிறது என்று சொல்லி, இரண்டு சக்கரத்திலும் ரப்பர் சீல்களைப் புதிதாகப் போட்டார். நான் மிதித்தேன், எட்டிப் பார்த்தேன். குமிழ் வந்தது. அவர் ட்யூபை மாற்றினார், நிப்பிளை மாற்றினார். “புடிச்சிருக்கீங்கள்ல?” என்று நாலைந்து தடவை கேட்டார். “எத்தன தடவண்ணே சொல்றது, புடிச்சிருக்கேன்” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

எழுந்து நின்று, துணியில் கையைத் துடைத்தபடி, “ஆயில அமுக்கி அனுப்புற மாஸ்டர் சிலிண்டரையே மாத்திப் பாக்கணும்போல” என்றார்.

நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். அப்போது கொட்டகையில் ஒரு ஆட்டோ டிரைவரும், ரிப்பேருக்கு விட்ட பைக்கைத் திரும்ப எடுக்க வந்த ஒரு பையனின் அப்பாவும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கேட்டேன்.

“நான் பாக்காத பக்கமெல்லாம் சுத்தமாயிருது. நான் பாக்குற பக்கம் மட்டும் எப்படிண்ணே காத்து வருது?”

அவர் ஸ்பேனரைத் துணியில் சுற்றி வைத்தார். “அதான் டீச்சர் எனக்கும் தெரியல” என்றார்.

பிட்டோடு மாட்டியவன் சொல்கிற பதில் அது. எனக்குத் தெரியாது டீச்சர், அது எப்படி அங்க வந்துச்சுன்னே தெரியல டீச்சர். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போன பதில். ஆட்டோ டிரைவர் கீழே பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் சொன்னேன். எங்கள் பள்ளியில் ஆறு பேருடைய வண்டி அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் நான் சேர்த்துவிட்டவை. “நல்ல கைங்க, பொறுமையான மனுசன்” என்று ஒரு காலத்தில் சொன்னதும் நான்தான். இப்போது நான் சொன்னதைக் கேட்டு மூன்று பேர் அந்த வாரமே விலகிக்கொண்டார்கள். வேதியியல் சார் பாதி வேலையில் கிடந்த தன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். நான் நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். பிரேக்கில் விளையாடுகிறவனைச் சும்மா விட முடியுமா? என் உயிர் அதில் இருக்கிறது. ஒத்தக்கடையில் மூக்குத்திக்கு முன்னால் நின்றது நான்தானே.

ஆனாலும் ஒரு ஆதாரம் வேண்டும் என்று மனம் அரித்தது. விரலை வைக்க ஒரு காகிதம் வேண்டும்.

சனிக்கிழமை மூன்றாவது தடவையாகப் போனேன். இந்தத் தடவை அவர் புதுச் சாமான் எதையும் பற்றிப் பேசவில்லை. “இன்னொரு தடவ எடுத்துப் பாப்போம்” என்றார், அவ்வளவுதான். அவர் ஆயில் எடுக்க உள்ளே போன நேரத்தில், வலது பக்கம் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் என் துணிப்பையை வைத்தேன். பைக்குள் செல். காமிராக் கண் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி, ஒரு கர்ச்சீப்பைச் சுருட்டி முட்டுக்கொடுத்து வைத்தேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சீட்டில் உட்கார்ந்தேன்.

பழைய கதைதான். வலது பக்கம் குமிழ் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் சாவியை என் கையில் கொடுத்தார்.

“எனக்குப் புடிபடல டீச்சர். வேற யார்கிட்டயாச்சும் காட்டுங்க. வீடு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போங்க, கை பிரேக் நல்லா இருக்கு.”

செய்த வேலைக்கு என்ன தர வேண்டும் என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதையும் நான் ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் எடுத்துக்கொண்டேன். குற்றம் இல்லாதவன் கூலியை ஏன் விடுகிறான்? வீட்டுக்கு வந்ததும் ஆசிரியர் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். ‘திங்கட்கிழமை ஆதாரத்தோடு வருகிறேன்.’ நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து வீட்டுக்காரர் படுத்துவிட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு வீடியோவைப் பார்க்க உட்கார்ந்தேன். எந்த நிமிஷத்தில் என்ன செய்கிறார் என்று குறித்துவைக்கத்தான் பேப்பர்.

படம் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. நடுவில் சக்கரம் கழற்றிய இடம். அவருடைய கை. ட்யூப். பாட்டில். மேலே ஓரத்தில் என் பக்கத்துத் திறந்த கதவு.

“புடிங்க.”

“புடிச்சிருக்கேன்.” என் குரல்.

ஸ்பேனர் கால் சுற்று திரும்புகிறது. ஆயில் ட்யூபில் ஓடி வருகிறது, சுத்தமாக, ஒரு குமிழ்கூட இல்லாமல். அப்போது படத்தின் மேல் ஓரத்தில் ஒரு தலை நீள்கிறது. கண்ணாடி போட்ட, கழுத்தை வளைத்த, எதையோ திருட வந்தது போன்ற ஒரு தலை. அதே நேரத்தில் ட்யூபில் வந்த ஆயில் நின்று, பின்னால் நகர்ந்து, சக்கரத்துக்குள்ளேயே திரும்பிப் போகிறது. பின்னாலேயே இரண்டு மூன்று குமிழ்களும் போகின்றன. தலை உள்ளே போய்விடுகிறது. ஸ்பேனரிலேயே கண்ணாக இருந்த அவர், அதற்கப்புறம்தான் பாட்டிலைப் பார்த்துவிட்டு நிப்பிளை மூடுகிறார்.

“விடுங்க.”

அடுத்த தடவை அந்தக் குமிழ்கள் வெளியே வந்தன. நான் எட்டினேன், புதிதாக இரண்டு உள்ளே போயின.

தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். பதினோரு தடவை மிதித்திருந்தேன், பதினோரு தடவையும் அந்தத் தலை வந்தது. ஒரு தடவை கண்ணாடி நழுவி, அதைப் பிடித்துக்கொண்டே எட்டியிருந்தேன். அப்போதும் வாய் “புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்” என்றது. பேப்பரில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு வழி பாக்கி இருந்தது. கீழே இறங்கிப் போய், வாசலில் நின்ற வண்டியில் ஏறி, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, அதேமாதிரி வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். உடம்பு சாயும்போது வலது கால் தானாக எழும்பியது. ஒரு நூல் இல்லை, நாலு விரல்கடை. அது எனக்குத் தெரியவே இல்லை, குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சீட்டிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு எந்த நல்ல வார்த்தையும் அதற்கு இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் வந்த எண்ணம் அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்பதுதான். செல் கெட்டுப்போய்விட்டது என்று ஆசிரியர் அறையில் சொன்னால் முடிந்தது. இரண்டாவது வந்த எண்ணம் இன்னும் கேவலம். அந்த ஆளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கும், வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் என்னை மாட்டவிட்டிருக்கிறார் என்று யோசித்தேன். அந்த யோசனையை ஐந்து நிமிஷமாவது நல்லா வளர்த்துப் பார்த்தேன். அதற்கு நிற்கக் காலே இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார், நான் ஒவ்வொரு தடவையும் பிடித்திருப்பதாகச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். டீச்சர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பி, தன் கையைச் சந்தேகப்பட்டார்.

சாயந்திரம் செல்லை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். கொட்டகை பாதி அடைத்திருந்தது. அவருடைய மனைவிதான் முதலில் எதிரே வந்தார்.

“இன்னும் என்ன டீச்சர் வேணும்?” என்றார். குரலில் மரியாதை இருந்தது, அதற்குக் கீழே கொதிப்பும் இருந்தது. “நாலு நாளா மனுசன் சரியாச் சாப்பிடல. எனக்குக் கை போச்சு, இனிமே பிரேக் வேலை எடுக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நேத்து வந்த ஒரு வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு. இந்த வேலையில எம்புட்டு வருசம் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியும். அவரிடம் ஆறு வண்டியைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

“அவரப் பாக்கணும்” என்றேன்.

அவர் உள்ளேயிருந்து வந்தார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொன்னாலும் என் தரப்பு நியாயம் ஏதாவது உள்ளே நுழைந்துவிடும் என்று எனக்கே பயமாக இருந்தது. வீடியோவை ஓட்டி அவர் கையில் கொடுத்தேன். ஒளித்து வைத்து எடுத்தது என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நின்றுகொண்டே பார்த்தார். என் தலை வந்தபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிந்ததும், “இன்னொரு தடவ போடுங்க” என்றார். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தில் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் எந்த நேரத்தில் திறக்கிறது, எந்த நேரத்தில் மூடுகிறது என்று மட்டும் பார்த்தார்.

“சரியாத்தான தெறந்திருக்கேன்” என்றார் மனைவியிடம். “இங்க பாரு. சரியாத்தான மூடியிருக்கேன்.”

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் பரீட்சை ஹாலில் எத்தனையோ பிள்ளைகளை அழ வைத்திருக்கிறேன். யாருடைய அழுகையும் என்னை அப்படிக் குத்தியதில்லை.

“தப்பு என்னோடதுண்ணே” என்றேன்.

“வண்டியக் கொண்டாங்க” என்றார் அவர்.

கொண்டுவந்தேன். வழக்கம்போல டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கதவுப் பக்கம் வந்து, “எறங்குங்க டீச்சர்” என்றார். மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக எதிரே தெரிந்த தகரக் கதவைப் பார்த்தபடி காலை வைத்தார். மெக்கானிக் ஒரு பழைய ஸ்டூலை எடுத்து வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு, “நீங்க இங்க உக்காந்து பாருங்க. நல்லாத் தெரியும்” என்றார்.

குத்திக்காட்டிச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

“புடி.”

“ம்.”

“விடு.”

அந்த அம்மா தலையைத் திருப்பவே இல்லை. ட்யூபில் முதல் தடவை ஒரு கொத்துக் குமிழ் வந்தது, என்னால் உள்ளே போனவை. இரண்டாவது தடவை கொஞ்சம் வந்தது. மூன்றாவது தடவை ஒரே ஒரு குமிழ். நான்காவதும் ஐந்தாவதும் தேன் மாதிரி தெளிவாக ஆயில் மட்டும் வந்தது. முன்சக்கரமும் அப்படியே முடிந்தது. மூன்று நாள் நான் மிதித்ததை அந்த அம்மா பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்கினார்.

“பாத்துக்கிட்டீங்களா?” என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் ஏறி மிதித்துப் பார்த்தேன். பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

“நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிர்றேன்ணே” என்றேன்.

“அதெல்லாம் வேணாம் டீச்சர். வண்டி சரியாயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார். வேண்டாம் என்று சொன்னால்தான் நான் சொல்வேன் என்று கணக்குப் போடுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திருந்துகிற ஜென்மம் இல்லை இது.

திங்கட்கிழமை காரிலேயே போனேன். ஒத்தக்கடையில் அதே இடத்தில் டவுன் பஸ் நின்றது, நானும் நின்றேன், நடுவில் ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோதே எல்லோரும் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்துக் காத்திருந்தார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போன வேதியியல் சார் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். செல்லை மேஜையின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து ஓட்டினேன்.

கை, ஸ்பேனர், ட்யூப். “புடிங்க.” “புடிச்சிருக்கேன்.”

“எந்த எடத்துல டீச்சர் ஏமாத்துறாரு?” என்று கேட்டார் வேதியியல் சார்.

“பொறுங்க சார், வரும்” என்றேன்.

மேல் ஓரத்தில் அந்தத் தலை நீண்டது. நான் படத்தை நிறுத்தினேன். கண்ணாடி போட்ட அந்த முகத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தேன்.

“இந்த இடம்” என்றேன்.